போட்டு வாறன்

எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும்போது யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். செத்த வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விடுவது வழக்கம். சந்திக் கடைக்குத் தேயிலை வாங்கப் போகிறவனும் சரி, ஒரேயடியாகப் போகிறவனும் சரி, சொல்வது இந்த இரண்டு சொல்தான். இந்த வசதிக்குள் ஒளிந்துகொண்டுதான், நான் போதகனாக இருந்த வன்னிக் கிராமமான அக்கராயனின் சனத்துக்குப் பொய் சொன்னேன்.

2016 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதமும் ஆகவில்லை. புதிதாக வந்திருந்த இளம் போதகர் அறிவித்தல் நேரத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தந்தார். நான் எழும்பி, "கனடாவில மகனிட்ட ஒருக்காப் போட்டு வாறன். பேரப்பிள்ளையளப் பாக்கவேணும். ஒரு மூண்டு மாதம்" என்றேன். சனம் சந்தோசப்பட்டது. ஆராதனை முடிய ஒருத்தி தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். கோயில் மணி அடிக்கிற பெடியனிடம் என் லுமாலா சைக்கிளை ஒப்படைத்து, "வருமட்டும் வைச்சிரு, காத்துப் போகாமப் பாத்துக்கொள்" என்றேன். என் கைப்பையில் இருந்த கடவுச்சீட்டில் கனடாவின் நிரந்தர வதிவிட விசா ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்குப் போகிறவனுக்கு அந்த விசா கொடுப்பதில்லை. இது என் மனைவிக்குத் தெரியும். நான் பேசி முடிக்கும்வரை அவள் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாள். பாட்டு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

அந்த விசா ஒரு கிழமையில் வந்ததும் இல்லை. மகன் எங்களை ஸ்பொன்சர் செய்யும் பத்திரங்களை அனுப்பியது 2010 இல். யுத்தம் முடிய அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனத்தை பஸ்களில் கொண்டுவந்து அக்கராயனில் இறக்கிக்கொண்டிருந்த வருடம் அது. கொஞ்சத் தகரம், தறப்பாள், ஆறு மாதத்துக்கு உலர் உணவு. கிணறுகளுக்குள் என்ன கிடக்கிறதென்று தெரியாமல் வாளி போடப் பயந்துகொண்டிருந்தார்கள். நான் அந்தத் தறப்பாளின் கீழ் நின்று, 'இந்த மண்ணைத் திரும்பக் கட்டுவோம்' என்று பிரசங்கம் செய்தேன். அன்று பின்னேரம் முறிகண்டிக்குப் போய் பஸ் பிடித்து, கிளிநொச்சியில் ஒரு கடையில் அந்தப் பத்திரங்களைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். 2011 நவம்பரில் கனடா அரசாங்கம் பெற்றோரைக் கூப்பிடும் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. எங்களுடையது அதற்கு முந்தியது என்பதால் வரிசையில் கிடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. அந்த ஐந்து வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் நான் பீடத்தில் ஏறினேன். கொழும்பில் மருத்துவப் பரிசோதனைக்குப் போன நாளைக்கூட 'சினோட் வேலை' என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வெளிநாடு போவது குற்றமில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நான் பல வருடமாக அதைக் குற்றம் என்று பிரசங்கித்தவன். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழும்பி நடந்தபோது நானும் நடந்தேன். பிறகு கிளாலிக் கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்து வன்னிக்கு வந்தேன். அடுத்த வருடம் கிளிநொச்சி பறிபோக, பட்டினத்து ஆஸ்பத்திரியே அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து வந்தது. கந்தோர்களும் கடைகளும் அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று காட்டுக்குள் முளைத்தன. மலேரியா காய்ச்சலும் கூடவே வந்தது. அந்தக் காலத்தில் நான் நல்ல போதகனாக இருந்தேன் என்று நினைக்கிறேன். கொட்டில் கொட்டிலாகப் போனேன். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் வாயெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு என் சைக்கிளின் பின்னால் ஓடிவரும். அந்த நாட்களில்தான் 'விட்டுப் போகக்கூடாது' என்ற பிரசங்கம் என் வாயில் ஊறியது. கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவனைப் பற்றிய வசனம் எனக்குப் பிடித்தமானது. லோத்தின் மனைவியையும் அடிக்கடி இழுப்பேன். அது வேதாகமப்படியும் பிழை. அவள் ஊரை விட்டு ஓடச் சொல்லப்பட்டவள், விட மனமில்லாமல் திரும்பிப் பார்த்ததற்காகத்தான் உப்புத்தூண் ஆனாள். நான் அதைத் தலைகீழாகப் பிரசங்கித்து ஆமென் வாங்கினேன்.

இந்தப் பிரசங்கம் யாரைத் தடுத்தது என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் காணியும் லண்டனில் தமையனும் இருந்தவர்களை அது தடுக்கவில்லை. அவர்கள் ஆமென் சொல்லிவிட்டு இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். என் மூத்த மகனையே 1999 இல் ஏஜென்சிக்குக் காசு கட்டி அனுப்பியவன் நான். காணி உறுதியை ஈடு வைத்ததும் நான். என் சபையில் பாதிக்கு மேல் 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்களுக்கு ஈடு வைக்க உறுதி இல்லை, கூப்பிட ரொறன்ரோவில் ஆள் இல்லை. மற்றவர்களின் வயலில் கூலிக்கு நாற்று நட்டார்கள். போக வழியே இல்லாதவர்களிடம்தான் 'போகாதே' என்று நான் ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒரு தாய். பெயர் வேண்டாம். 2007 இல், வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இறுகிப் பிள்ளைகள் காட்டிலும் பரணிலும் ஒளிந்த காலத்தில், ஓர் இரவு மிஷன் வீட்டுக்கு வந்தாள். மகனுக்குப் பதினேழு வயது. "ஐயா, வவுனியாவுல படிக்கிறதுக்குன்னு ஒரு கடிதம் குடுங்க. நீங்க சொன்னா பாஸ் குடுப்பாங்க." வன்னியை விட்டு வெளியேற இயக்கம் பாஸ் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் கடிதம் எழுத எனக்கு அரை மணித்தியாலம் போதும். நான் எழுதவில்லை. பயந்தேன். பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, அதற்குப் பதிலாக விசுவாசத்தைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினேன். ஜெபம் செய்து அனுப்பினேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பொடியனை மூன்று மாதத்துக்குள் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இனி 2008. இதைத்தான் நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் தொடக்கம். மன்னார்ப் பக்கத்திலிருந்து சண்டை தள்ளிக்கொண்டு வர, துணுக்காய், மல்லாவிச் சனம் ட்ராக்டர்களில் அக்கராயனுக்கு வந்து, மரத்துக்கு மரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஷெல் சத்தம் குளக்கட்டுக்கு அப்பால் கேட்கத் தொடங்கியிருந்தது. எனக்கு வலது கண்ணில் கற்றராக்ட். ஆறேழு மாதமாக இருந்தது, அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கிழமையில் திடீரென்று அவசரமாகிவிட்டது. மருத்துவக் காரணம் காட்டிப் பாஸ் எடுத்தேன். சபையாரிடம், "கண்ணைக் காட்டிப்போட்டு வாறன், பத்து நாள்" என்றேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு புளியங்குளம் தாண்டி, ஓமந்தை தாண்டி, வவுனியாவுக்குப் போனேன். கண் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள்.

பிறகு எல்லோருக்கும் நான் சொன்ன வசனம், 'பாதை பூட்டிப்போச்சு'. பாதை பூட்டித்தான் போனது, மறுக்கவில்லை. ஆனால் அது பூட்டுவதற்கு முன்னும் பின்னும் சாப்பாட்டு லொறிகள் போயின, செஞ்சிலுவைச் சங்கம் போனது. உள்ளே திரும்ப அனுமதி கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பது வேறு கதை. நான் கேட்கவே இல்லை. ஒரு கடிதம்கூட எழுதவில்லை. யாராவது 'போகலாம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உறவினர் வீட்டில் இருந்தேன்.

அக்கராயன் சனம் செப்டெம்பர், ஒக்ரோபரில் எழும்பியது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். இந்த ஊர்களின் வரிசை எனக்கு மனப்பாடம். அவர்கள் நடந்த வரிசையை அவர்கள் சொல்லித்தான் மனப்பாடம் செய்தேன். அந்த எட்டு மாதமும் அவர்களுக்கு ஞாயிறு ஆராதனை நடத்தியது ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பங்கருக்குள் வைத்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருக்கிறார். முறையா, முறையில்லையா என்று 2010 இல் என்னிடமே வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். 'முறைதான்' என்று பெரிய மனதோடு சொன்னேன். எனக்கு அதைச் சொல்ல என்ன தகுதி என்று அவர் கேட்கவில்லை.

இருந்தவர்கள் இருந்தார்கள். கருணாரட்ணம் அடிகள், கிளி பாதர் என்று சனம் கூப்பிட்டவர், 2008 ஏப்ரல் 20 இல் கிளைமோரில் போனார். சரத்ஜீவன் அடிகள் கடைசிவரை சனத்தோடு நின்று, 2009 மே 18 இல் வெளியே வரும் வழியில் மாரடைப்பில் இறந்தார். அதே நாள் வட்டுவாகலில் பிரான்சிஸ் யோசப் அடிகள், சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், ஆங்கிலம் படித்தவர், அவருக்கு எத்தனையோ கதவுகள் திறந்திருந்தன. அந்த பஸ்ஸில் போனவர்களை இன்றுவரை தேடுகிறார்கள். இவர்கள் கத்தோலிக்கக் குருமார், எனக்கு மனைவி பிள்ளைகள் உண்டு என்று பல வருடம் எனக்கு நானே வாதாடினேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

2010 இல் அக்கராயனைத் திரும்பக் கேட்டு வாங்கியவன் நான்தான். பரிகாரம் என்று நினைத்தேன். சனம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஐயர், கண் சுகமோ?" என்றார்கள். அது குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார்கள். அந்தத் தாய் மூன்றாவது வாங்கில் வழக்கமான இடத்தில் இருந்தாள். முதல் ஞாயிறே முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து தந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ. இப்படிச் சொல்வதும் பழியை அவள் தலையில் போடும் வேலைதான். விட்டுவிடுகிறேன்.

ஏன் போனேன் என்று கேட்டால் பேரப்பிள்ளைகள், சீனி வருத்தம், வயது என்று மூன்று விடை வைத்திருக்கிறேன். மூன்றும் உண்மை. ஆனால் ஓய்வு நெருங்கிய மாதங்களில் என்னைத் தின்றது வேறொன்று. மிஷன் வீட்டை ஒப்படைக்கவேண்டும். குளத்துக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி பார்த்து வைத்திருந்தேன். 'என்ர எலும்பு இந்தக் குளக்கட்டுக்குப் பக்கத்திலதான்' என்று பிரியாவிடையிலும் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அந்தக் காணியில் ஒரு கிழவனாக இருந்துகொண்டு, ஞாயிறு தோறும் கோயிலில் கீழே உட்கார்ந்து, முப்பது வயதுப் போதகரின் பிரசங்கத்தைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். கலியாண வீட்டில் முதல் பந்தியில் என்னைத் தேடமாட்டார்கள். 'ஐயர்' என்று கூப்பிட்டால் அவர் திரும்புவார். பீடம் இல்லாமல் அந்தச் சனத்துக்கு நடுவில் எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களோடு வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு முன்னால்தான் வாழ்ந்திருக்கிறேன்.

ஸ்காபரோவில் குளிர், பனி, மகனின் பேஸ்மென்ட், பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கூட்டிப்போவது. இதெல்லாம் எல்லாக் கிழவர்களும் எழுதியாயிற்று. எனக்கென்று தனியாக ஒன்று நடந்தது. வந்த முதல் மே மாதமே ஒரு மண்டபத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுநாள். அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைக் கடதாசிக் கோப்பையில் கொடுத்தார்கள். வன்னியில் கடைசிவரை சனத்தோடு நின்ற போதகர் என்று ஒரு பொடியன் மைக்கில் என்னை அறிமுகம் செய்தான். யாரோ அவனுக்குப் பிழையாகச் சொல்லியிருக்கவேண்டும். 'தம்பி, அப்பிடி இல்லை' என்று சொல்ல நான்கு விநாடி போதும். நான் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினேன். ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னேன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. முன்வரிசையில் அழுதார்கள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள், போனேன். அந்தக் கஞ்சியை 2009 இல் நான் ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. அதைக் குடித்தவர்களின் பெயரில், ஒவ்வொரு மே மாதமும் இங்கே குடிக்கிறேன்.

அந்த மேடைகளில் நான் ஐ.நா.வையும் விட்டுவைப்பதில்லை. 2008 செப்டெம்பர் 16 இல் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டதையும், 'போகாதேங்கோ' என்று சனம் வாசலில் கூடி நின்று கெஞ்சியதையும் சொல்லும்போது என் குரல் உடையும். நான் அவர்களுக்கு ஒரு மாதம் முந்தியே போனவன். என்னைப் போகவேண்டாம் என்று கெஞ்சவும் யாருக்கும் வழியிருக்கவில்லை, கண் காட்டப் போகிறவனை யார் மறிப்பது? அந்த அமைப்பாவது 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெற்றியின் அறிக்கையில் தன் தவறைக் கறுப்பு வெள்ளையில் எழுதி வைத்தது. எனக்கு அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே நித்திரை வராத இரவுகளில் டாக்டர் கிறீனை நினைப்பேன். எங்கள் மிஷன் பிள்ளைகளுக்கு மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரி என்றால் தெரியாமலிராது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து, தமிழிலேயே மேலைத்தேச வைத்தியம் படிப்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியவர். உடம்பு முடியாமல் 1873 இல் ஊழியத்தை விட்டுத் தன் ஊரான வூஸ்டருக்குத் திரும்பினார். அங்கே சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சாகும்வரை, 1884 வரை, வைத்திய நூல்களைத் தமிழாக்கும் வேலையை விடவில்லை. தமிழருக்கு வைத்திய ஊழியனாக இருந்தவன் என்ற பொருளில் தன் கல்லறையில் எழுதச் சொன்னார். உடுவிலில் பெண்பிள்ளைகளைப் படிப்பித்த எலைசா அக்னியூ அம்மையாரோ 1840 இல் வந்தவர், ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1883 இல் மானிப்பாயிலேயே கண்ணை மூடினார். அந்த அம்மையாரோடு என்னை ஒப்பிட எனக்குத் துணிவில்லை. கிறீன்தான் என்னை உறுத்துகிறார். போன பிறகும் ஊழியம் செய்யலாம் என்று காட்டிவிட்டுப் போன மனிசன். எனக்கு இங்கே கணினி இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, நேரம் மலைபோலக் கிடக்கிறது. அக்கராயன் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுப் பாடம் ஒன்றுகூட எழுதி அனுப்பவில்லை. முதல் வருடம் மூன்று தரம் காசு அனுப்பினேன். பிறகு அதுவும் நின்றது.

'வரப்போனா பி.ஆர். போயிடும்' என்று ஊரிலிருந்து கேட்டவர்களுக்குச் சொல்லி வந்தேன். அதுவும் அரை உண்மை. நிரந்தர வதிவிடக்காரன் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். மிச்ச மூன்று வருடத்தை நான் குளக்கட்டில் குந்தியிருந்து கழிக்கலாம், கனடா ஒன்றும் சொல்லாது. இது எனக்கு விமானம் ஏறும் முன்பே தெரியும். நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு கணக்கு. பத்து வருடம் இங்கே வசித்தால் முதியோர் பென்சன் கிடைக்கும். வெளியே போய் நின்றால் அந்தப் பத்து பின்தள்ளிப் போகும். வருகிற தையோடு பத்து நிறைகிறது. மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பியில் வருடங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் ஊழியம் செய்தவன் இந்தளவு ஒழுங்காக வேறு எதையும் எண்ணியதில்லை.

மனைவி இதை வாசித்தாள். "நீங்கள் ஒருக்காலும் பொய் சொன்னதில்லை, அதுதானே உங்கட கெட்டித்தனம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

மணி அடிக்கிற பெடியன் இப்போது பெரிய ஆள், கலியாணமும் முடித்துவிட்டான். வருடத்துக்கு ஒருமுறை அந்த லுமாலாவைப் படமெடுத்து அனுப்புவான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருப்பான், சீற்றுக்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருப்பான். போன கிழமை, இந்த வாக்குமூலத்தில் பாதி எழுதியிருந்த நேரம், அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தம். "ஐயர், மச்சானிட மகள் ஆறாம் வகுப்புக்குப் போறாள். பள்ளிக்கூடம் தூரம், நடந்துதான் போறாள். சைக்கிள அவளுக்குக் குடுக்கட்டோ? நீங்க வரேக்க வாங்கித் தாறன்."

'குடு' என்று அனுப்பினால் போதும். அனுப்பினால் நான் வரமாட்டேன் என்பது அவனுக்கு விளங்கிவிடும். கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு, "வைச்சிரு தம்பி, வாறன்" என்று அனுப்பினேன்.

அவன் கும்பிடுகிற கைகளின் படம் ஒன்று அனுப்பினான். பிள்ளை நடந்துதான் போகிறாள்.